காப்பகம் தொடங்கவிருக்கும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட நீ, அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே ஒரு காப்பகம் நடத்த முடிவெடுத்திருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். நானும் என் காப்பகத்தின் உரிமத்தைப் புதுப்பிக்கும் வேலையை இப்போதுதான் முடித்தேன். கோப்புகள் இன்னும் மேசை மேலேயே இருப்பதால், நீ கேட்டவற்றுக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

"முதலில் உரிமத்தை வாங்கிவிடுகிறேன், காப்பீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாய். அதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் தனித்தனி அலுவலகங்களிலிருந்து வருவதால் தொடர்பில்லாதவை போலத் தோன்றும். ஆனால் எத்தனை குழந்தைகள், எந்தெந்த வயதில், வீட்டின் எந்தப் பகுதியில் இருப்பார்கள் என்று உரிமத்தில் எழுதப்படுவதைத்தான் காப்பீட்டு நிறுவனமும் அடிப்படையாக எடுத்துக்கொள்கிறது. அவசரமென்று வந்து நிற்கும் ஒரு தாயிடம் மறுத்துச் சொல்ல மனமில்லாமல், அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு குழந்தையைச் சேர்த்துக்கொள்கிறாய் என்று வைத்துக்கொள். அன்றைக்குப் பார்த்து யாருக்காவது அடிபட்டால், உரிமம் வழங்கிய துறை நடவடிக்கை எடுக்கும். நிபந்தனை மீறப்பட்டது என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டையும் மறுக்கலாம். எனவே இரண்டு விண்ணப்பங்களையும் அருகருகே வைத்து, ஒரே தகவல் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும்படி நிரப்பு.

எண்ணிக்கை விதி இடத்துக்கு இடம் மாறும். எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் வீட்டில் தனியாகக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட 6 பேரை வைத்துக்கொள்ளலாம் என்பது பொது விதி. அவர்களிலும் பள்ளி வயதை எட்டாத சிறார் 3 பேருக்கு மேல் கூடாது, ஒரு வயது நிரம்பாத குழந்தை ஒன்றுதான் இருக்கலாம். நடத்துபவரின் சொந்தக் குழந்தைகளும் அந்தக் கணக்கில் அடங்குவார்கள். உன் பேரன் உன்னுடனேயே இருப்பதால், அவனும் கணக்கில் சேருவானா என்பதை அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்துகொள். அவனைச் சேர்க்காமல் வருமானக் கணக்குப் போட்டால், பிறகு ஓர் இடம் குறையும்போது முழுத் திட்டமும் ஆட்டம் கண்டுவிடும்.

உரிமத்துக்கான ஆவணங்களில் அதிகக் காலம் பிடிப்பது பின்னணிச் சோதனைதான், அதாவது குற்றப் பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது. காப்பகம் நடத்துபவருக்கு மட்டுமல்லாமல், அந்த வீட்டில் வசிக்கும் பெரியவர்கள் அனைவருக்கும் அது தேவைப்படும். பல இடங்களில் கைரேகையும் பதிய வேண்டும். ஆகவே உன் மகனிடமும் மருமகளிடமும் இப்போதே பேசிவிடு. முதலுதவி, சிபிஆர் (இதயத் துடிப்போ மூச்சோ நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு) பயிற்சிகளுக்கான சான்றிதழ்கள் பெரும்பாலும் 2 ஆண்டுகளே செல்லும் என்பதால், அவை காலாவதியாகும் தேதிகளைக் குறித்து வை. வாடகை வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரின் சம்மதமும், அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் சங்கத்தின் சம்மதமும் எழுத்தில் வேண்டும்.

ஆய்வாளர் வரும் நாளை நினைத்து அஞ்சுவதாக எழுதியிருந்தாய். என் வீட்டுக்கு வந்த அம்மையார் முதலில் செய்தது கூடத்தின் நடுவே தரையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்ததுதான். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது, நின்றபடி பார்க்கும் எவர் கண்ணிலும் படாத இரண்டு விஷயங்கள் அவருக்குத் தெரிந்தன: மேசையின் அடிப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஆணி; சன்னல் திரையிலிருந்து குழந்தையின் கழுத்தளவில் சுருக்குப் போலத் தொங்கிய கயிறு. பிறகு ஒரு சிறு குழாயை எடுத்து, பொம்மைகளை ஒவ்வொன்றாக அதனுள் போட்டுப் பார்த்தார். ஏறத்தாழ 3.17 சென்டிமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழாய்க்குள் எந்தப் பொருள் முழுவதுமாக அடங்கிவிடுகிறதோ, அது மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைத்துவிடக்கூடியது என்பது கணக்கு. நல்ல மரத்தில் செய்த ஒரு கிலுகிலுப்பையின் கைப்பிடி கழன்று அதற்குள் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். அன்று முதல் அப்படிப்பட்ட ஒரு குழாய் என் மேசை இழுப்பறையிலேயே இருக்கிறது. நீயும் ஒன்று வாங்கிக்கொள்.

தூக்க விஷயத்தில் சிறிதும் விட்டுக்கொடுக்காதே. கைக்குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைப்பதுதான் நல்லது என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னதுண்டு. 1992 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொன்னது; மல்லாக்கப் படுக்கவைப்பது பரவிய பிறகு, திடீர்க் குழந்தை மரணங்கள் அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. தலையணை, கனத்த போர்வை, மெத்தென்ற பொம்மை எதுவும் தொட்டிலில் இருக்கக் கூடாது. பெற்றோரே வந்து குப்புறப் படுக்கவைக்கும்படி கேட்டாலும், மருத்துவரின் எழுத்து இல்லாமல் ஒப்புக்கொள்ளாதே.

இனி காப்பீட்டுக்கு வருகிறேன். வீட்டுக்கு ஏற்கெனவே பாலிசி இருப்பதால் அதுவே போதும் என்று நீ எண்ணுவது புரிகிறது. ஆனால் சாதாரண வீட்டுப் பாலிசிகள் வீட்டில் நடக்கும் தொழிலைப் பெரும்பாலும் விலக்கிவைக்கின்றன. காப்பகம் நடத்துவதைத் தெரிவிக்காமல் விட்டால், அதற்குத் தொடர்பே இல்லாத தீ விபத்தில்கூட இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரலாம். முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்துவிட்டு, காப்பகத்துக்கென்றே தனியான பொறுப்புக் காப்பீட்டை, அதாவது உன்னால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கு ஈடு கொடுக்கும் காப்பீட்டை, எடு. குழந்தைக்கு அடிபட்டால் யார் மீது தவறு என்று பாராமல் மருத்துவச் செலவை ஏற்கும் பிரிவு அதில் இருக்கிறதா என்று பார். பெற்றோருடன் மனக்கசப்பு வராமல் தடுப்பது பெரும்பாலும் அந்தச் சிறு பிரிவுதான். குழந்தைகளை உன் காரில் அழைத்துப் போவதாக இருந்தால், சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனப் பாலிசி அதற்குப் பொருந்துமா என்று தனியாகக் கேள். உதவிக்கு ஓர் ஆளை வைத்தால் அவருக்கான காப்பீடு வேறு.

விலக்குகளைப் பட்டியலிடும் பக்கங்களில் ஒரு வரியை மட்டும் தேடிப் பிடித்துப் படி. குழந்தையை அடித்ததாகவோ தகாத முறையில் நடத்தியதாகவோ எழும் குற்றச்சாட்டுகளைப் பல பாலிசிகள் அங்கேதான் விலக்கிவைக்கின்றன. எந்தத் தவறும் செய்யாதவர் மீதும் அப்படி ஒரு புகார் வரக்கூடும். வழக்கறிஞருக்கான செலவே ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடும். ஆகவே அந்தப் பாதுகாப்பைக் கூடுதல் பிரீமியம் கட்டியாவது சேர்த்துக்கொள்.

இன்னொன்றையும் முகவரிடம் கேட்க வேண்டும். சம்பவம் நடந்த நாளில் நடப்பில் இருந்தாலே போதும் என்கிற பாலிசியும் உண்டு. இழப்பீட்டுக் கோரிக்கை வரும் நாளிலும் நடப்பில் இருந்தாக வேண்டும் என்கிற பாலிசியும் உண்டு. பிரீமியம் குறைவு என்று இரண்டாம் வகையைச் சொல்லித் தள்ளப் பார்ப்பார்கள். சிறுவயதில் ஏற்பட்ட காயத்துக்காக, வயது வந்த பிறகும் வழக்குத் தொடுக்கப் பல நாடுகளின் சட்டங்கள் இடம் கொடுக்கின்றன. நீ காப்பகத்தை மூடிப் பல ஆண்டுகள் ஆன பின் வரும் கோரிக்கைக்கு, முதல் வகைதான் கைகொடுக்கும். அதனால் பழைய பாலிசிகளை ஒருபோதும் தூக்கிப்போடாதே.

உரிமத்தையும் காப்பீட்டையும் அன்றாடம் காப்பாற்றுவது வருகைப் பதிவேடுதான் என்பது என் உறுதியான எண்ணம். குழந்தை வந்த நேரம், போன நேரம், அழைத்துச் சென்றவரின் கையெழுத்து, முழங்காலில் சிராய்ப்பு என்றால் அது எப்போது, எப்படி ஏற்பட்டது, பெற்றோருக்கு எத்தனை மணிக்குச் சொன்னாய் என்பவற்றை அன்றன்றே எழுதிவிடு. ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி வந்தாலும், காப்பீட்டு நிறுவனம் விளக்கம் கேட்டாலும், உனக்காகப் பேசப்போவது அந்த எழுத்துதான்.

பிரீமியம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், பாலிசியின் மாதிரிப் படி ஒன்றையும் கேட்டு வாங்கு. கையெழுத்திடுவதற்கு முன் விலக்குகள் உள்ள பக்கங்களை எனக்கு அனுப்பிவை. அவற்றை என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து உடனே பதில் எழுதுகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பள்ளித் தோழி