அம்மன் புறப்பாட்டு லாரிக்குக் கழற்றி மாட்டும் படி: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் உபயதாரர்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

மாசி மாதப் பொதுக்குழுவில் நீங்கள் ஒப்புதல் தந்த லாரிப் படி வேலை, அம்மன் அருளால் வைகாசித் திருவிழாவுக்கு முன்பே முடிந்து திருவிழாவிலும் பயன்பட்டுவிட்டது. கும்பாபிஷேகம் அளவுக்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லைதான். ஆனாலும் "ஒரு படி செய்ய இவ்வளவு யோசனையா, இவ்வளவு பணமா" என்று சிலர் கேட்டார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் வண்டியைப் பற்றி. நம்முடையது ராணுவம் கழித்து ஏலத்தில் விட்ட பழைய சக்திமான் லாரி. ஜெர்மனியின் மேன் நிறுவன வடிவமைப்பில், ஜபல்பூரில் 1959 முதல் 1996 வரை நம் ராணுவத்துக்காகச் செய்த வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும். ஆற்று மணலில் தீர்த்தவாரிக்குப் போய்வர இதைவிடத் தோதான வண்டி கிடையாது. சிக்கல் உயரத்தில்தான். அளந்து பார்த்தால் தரையிலிருந்து லாரித் தட்டு, அதாவது ஆட்கள் நிற்கும் பின்தளம், 51 அங்குலம், அதாவது நாலேகால் அடி. பூட்ஸ் போட்ட இருபது வயது ஜவான் ஒரே எம்பில் ஏறிவிடுவான், அவனுக்காகக் கட்டிய பாடி அது. எழுபது தாண்டிய பூசாரி ஐயா வெறுங்காலோடு, ஒரு கையில் தீபாராதனைத் தட்டோடு ஏறுவார் என்று ஜபல்பூரில் யார் நினைத்திருக்கப் போகிறார்கள்?

இதுவரை ஒரு பெஞ்சு, அதன்மேல் பிளாஸ்டிக் நாற்காலி, தோள் கொடுக்க இரண்டு பக்கமும் இரண்டு பையன்கள் என்று ஓட்டினோம். ஏறுவது எப்படியோ நடந்துவிடும். இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். ஏறுகிறவர் படியைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறார்; இறங்குகிறவரோ தீபாராதனைத் தட்டை ஏந்திக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி, கால் எங்கே படுகிறதென்று தெரியாமல் இறங்குகிறார். அதனால் குழு ஆரம்பத்திலேயே ஒன்றை முடிவு செய்தது: ஏறுவதற்கு வசதியா என்று கேட்காமல், இறங்குவதற்குத் தோதா என்று பார்த்தே எல்லா அளவையும் வைக்க வேண்டும்.

நிரந்தரமாக ஒரு படியை வெல்டிங் அடித்துவிட்டால் என்ன என்று கூட்டத்தில் கேட்டார்கள். அதற்குப் பதில்: உற்சவரை ஏற்றும்போது லாரியைப் பின்பக்கமாக வசந்த மண்டபத் திண்ணையோடு ஒட்டி நிறுத்துகிறோம். பின்னால் படி நீட்டிக்கொண்டிருந்தால் திண்ணைக்கும் தட்டுக்கும் நடுவில் மூன்றடிப் பள்ளம் வந்துவிடும். சப்பரத்தைத் தூக்கிக்கொண்டு யார் தாண்டுவது? வாய்க்கால் பாலத்தில் ஏறி இறங்கும்போதும் படி தரையில் இடிக்கும். அப்புறம் சட்டமும் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்க 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருவதில்லை. எனவே ஓடும்போது படி வண்டியோடு ஒட்டியிருக்கக் கூடாது என்பதில் குழுவுக்குள் இரண்டு கருத்து எழவில்லை.

நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் அனுபவப்பட்ட நம் ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்டோம். அவர் சொன்ன முதல் வார்த்தையே "சேஸைத் தொடாதீங்க" என்பதுதான். சேஸ், அதாவது வண்டியின் பாரம் தாங்கும் அடிச்சட்டத்தில் துளை போடுவதோ வெல்டிங் அடிப்பதோ அந்த இடத்தைப் பலவீனப்படுத்தும்; விரிசல் அங்கேதான் தொடங்கும். ஆகவே தட்டின் கடைசிக் குறுக்குச் சட்டத்தில் மட்டும் ஓர் இரும்பு ஆங்கிளை (L வடிவக் கம்பியை) போல்ட் போட்டு முடுக்கினோம். வெல்டிங் வேலை முழுவதும் பட்டறையிலேயே நடந்தது, டீசல் டேங்க் பக்கத்தில் ஒரு பொறிகூடப் பறக்கவில்லை.

படியின் கணக்கு இதுதான். 51 அங்குல உயரத்தை ஆறாகப் பிரித்தோம். ஒவ்வொரு படியின் உயரமும் எட்டரை அங்குலம். வீட்டுப் படியை விடக் கூடுதல்தான், ஆனால் முழங்கால் வலிக்காரர்களும் சமாளிக்கலாம். ஐந்தாகப் பிரித்திருந்தால் ஒவ்வொரு படியின் உயரமும் பத்து அங்குலத்தைத் தாண்டியிருக்கும். ஏழாகப் பிரித்தால் படி நீண்டு, கனத்து, தூக்கி மாட்ட நாலு பேர் வேண்டியிருக்கும். மிதிபலகையின் ஆழம் ஒன்பது அங்குலம், அகலம் இரண்டு அடி. மேல் பலகை கீழ்ப் பலகைக்கு மேலாக இரண்டு அங்குலம் முன்னுக்கு வருகிறது. இதனால் சாய்வு ஏறக்குறைய 50 டிகிரி. சுவரில் சாத்திய ஏணியை விட நன்றாகவே படிந்த சாய்வு. இந்தச் சாய்வில் முன்பக்கம் பார்த்தே இறங்கலாம்.

மிதிபலகைக்குப் பட்டறையில் முதலில் சொன்னது செக்கர் பிளேட். பஸ் படியில் இருக்கிறதே, அந்த மேடுபள்ளத் தகடு. செருப்புக் காலுக்கு அருமையான பொருள். ஆனால் நம் வண்டியில் ஏறுகிறவர்கள் எல்லோரும் வெறுங்கால். வைகாசி வெயிலில் இரண்டு மணிக்கு அந்தத் தகட்டில் கால் வைத்துப் பாருங்கள், தெரியும். அதனால் இரும்புச் சட்டத்தின்மேல் மரப்பலகை என்று முடிவாயிற்று. மடப்பள்ளிப் பழைய கதவு, திருப்பணியின்போது கழற்றி வைத்தது, கரையான் படாமல் கிடந்தது. நல்ல தேக்கு. கோயில் கதவை அறுத்துக் காலால் மிதிப்பதா என்று இரண்டு மூத்த உறுப்பினர்கள் வருத்தப்பட்டார்கள். அம்மனுக்குச் சேவை செய்கிற கால்கள்தானே மிதிக்கின்றன என்று பூசாரி ஐயாவே சொன்னதும் சமாதானமானார்கள்.

ஒவ்வொரு மிதியிலும் இரண்டு பலகைகள், நடுவே விரல் நுழையாத சின்ன இடைவெளி. மஞ்சள் நீர், பால், எண்ணெய் எது கொட்டினாலும் தேங்காமல் ஒழுகிவிடும். பலகையின் மேல் முகத்தில் குறுக்கே வரிவரியாகக் காடி போட்டிருக்கிறார் தச்சர். வார்னிஷ் அடிக்கவில்லை, ஈரத்தில் வழுக்கும். ஒவ்வொரு மிதியின் முன் விளிம்பிலும் மஞ்சள் பெயிண்ட் ஒரு பட்டை, இரவில் சீரியல் செட் வெளிச்சத்திலும் விளிம்பு தெரியும்.

கொக்கியைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். பக்கச் சட்டங்கள் இரண்டின் தலையிலும் 10 மில்லிமீட்டர் பட்டை இரும்பில் கொக்கி. அது தட்டின் ஆங்கிளில் போட்ட காடிக்குள் உட்காரும். பட்டறையிலிருந்து முதலில் வந்த கொக்கி மெலிந்த தகடு. நாங்கள் போட்டுக் கொடுத்த வரைபடத்தில் தடிமன் எழுதியே இருந்தது. திருப்பி அனுப்பி மாற்றி வாங்கினோம். கொக்கி மட்டும் போதாது. யாராவது அடிப்படியின் நுனியில் ஏறி நின்றாலோ வண்டி ஆடினாலோ கொக்கி எழும்பிவிடலாம். அதனால் ஒவ்வொரு கொக்கிக்கும் குறுக்கே 12 மில்லிமீட்டர் லாக் பின் ஒன்று, பின் நழுவாமல் ஸ்பிரிங் கிளிப்.

கால்களைத் தரையில் இறுக்கிவிடவில்லை. சப்பரமும் ஆட்களும் ஏற ஏற வண்டியின் பட்டை ஸ்பிரிங் அமுங்கித் தட்டு கொஞ்சம் இறங்கும். அப்போது படியின் கால் அசையாமல் முட்டிக்கொண்டு நின்றால் அத்தனை பாரமும் கொக்கியை வளைக்கும். பழைய டயரை அறுத்துக் காலுக்குச் செருப்பு மாதிரி போட்டிருக்கிறோம். தட்டு இறங்கினால் கால் மெதுவாக வெளியே நகரும், படி கொக்கியில் தொங்கியபடியே சாய்ந்து கொடுக்கும்.

கைப்பிடி இரண்டு பக்கமும் உண்டு, தட்டின் மட்டத்துக்கு மேலே மூன்றடி வரை எழும்புகிறது. ஆள் தடுமாறுவது நடுப்படியில் இல்லை. தட்டிலிருந்து முதல் படிக்குக் கால் மாற்றும் அந்த இடத்தில்தான். அங்கே கைக்கு எட்ட ஏதாவது இருந்தாக வேண்டும். குழாயின் முனைகளை வளைத்து மூடிவிட்டோம், போல்ட் தலை எதுவும் வெளியே துருத்தவில்லை. மகளிர் குழுவினர் இரண்டு பேர் பட்டுப் புடவையோடு ஏறி இறங்கிப் பார்த்து, முந்தானை எங்கும் மாட்டவில்லை என்று சொன்ன பிறகே பெயிண்ட் அடித்தோம்.

மின்சாரத்தில் எந்தச் சிக்கனமும் பார்க்கவில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிர் போனதை யாரும் மறந்திருக்க முடியாது. நம் கைப்பிடி சப்பரத்தின் உயரத்தில் பாதிகூட வராது, ஓடும்போது அதைக் கழற்றியும் விடுகிறோம். கம்பியில் பட வாய்ப்பில்லை. கவலை வேறு. ஜெனரேட்டர் வண்டியிலேயே இருக்கிறது. சீரியல் செட் ஒயர் எங்காவது உரிந்து பாடியைத் தொட்டால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிறவர் இரும்புக் கைப்பிடியைப் பிடித்த உடனே ஷாக் அடிக்கலாம். ஆகவே 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தி, பழைய ஒயரை எல்லாம் மாற்றினோம். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன் அமுக்கிப் பார்ப்பது எலக்ட்ரீஷியன் தம்பியின் பொறுப்பு.

பெயிண்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. படிக்கு ஒரு உபயதாரர், கைப்பிடிக்கு ஒரு உபயதாரர் என்று பெயர் எழுதலாமே என ஒரு யோசனை வந்தது. டியூப் லைட்டில் வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பெயர் எழுதுகிற வழக்கம் நமக்குப் புதிதில்லை. ஆனால் படியில் எழுதினால் ஊரே அவர் பெயரை மிதிக்கும் என்று சுட்டிக்காட்டியதும் யோசனை தானாக வாபஸ் ஆனது. பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன.

பாரம் தாங்குமா என்று பார்க்க, 50 கிலோ சிமெண்ட் மூட்டைகள் ஐந்தை நடு மிதிகளில் அடுக்கி இரவு முழுக்க விட்டோம். காலையில் நூல் பிடித்துப் பார்த்ததில் சட்டம் வளையவில்லை, வெல்டிங்கில் விரிசல் இல்லை. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே படியில் என்பதுதான் விதி. கைப்பிடியைக் கழற்றிவிட்டால் படியை இரண்டு பேர் தாராளமாகத் தூக்கலாம். கழற்றிய படிக்கு இடம் தட்டின் அடியில் இடப்பக்கம். சைலன்சர் சூடும், சக்கரத்தை இயக்கச் சுழலும் புரொப்பெல்லர் ஷாப்ட் என்ற தண்டும் எட்டாத இடமாகப் பார்த்துத் தாங்கி வைத்து, பெல்ட்டும் சங்கிலியும் போட்டிருக்கிறோம்.

படியை மாட்டியபடியே யாராவது வண்டியை எடுத்துவிட்டால்? அதற்கும் வழி செய்தாயிற்று. வலது கொக்கியின் லாக் பின்னோடு வண்டிச் சாவியைச் சிறு சங்கிலியால் இணைத்துவிட்டோம். பின் கொக்கியில் இருக்கும்வரை சாவி டிரைவர் கைக்கு வராது. திருவிழாவின் இரண்டாம் நாள், அவசரத்தில் கூட்டம் "எடுப்பா, எடுப்பா" என்று கத்தியபோது டிரைவர் அண்ணன் சாவிக்காகப் பின்பக்கம் வந்துதான் ஆகவேண்டியிருந்தது. வந்தவர் படியைக் கழற்ற வைத்துவிட்டே போனார்.

இந்தப் படி இருப்பதால் லாரியில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று அர்த்தமில்லை. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு சாலையில் போவது சட்டப்படி தவறு. ஊருக்குள் நடை வேகத்தில் புறப்பாடு போகும்போது பூசாரி ஐயாவும் உதவியாளர்களும் மட்டுமே தட்டில் இருப்பார்கள். மெயின் ரோடு வந்தால் எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும். சின்னப் பிள்ளைகளை ஏற்றிப் போட்டோ எடுக்கும் பழக்கத்தைப் பெற்றோர் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

வரவு செலவு: உபயமாக வந்தது 21,000 ரூபாய். இரும்பு வகைக்கு 4,850, பட்டறைக் கூலி 6,500, தச்சுக் கூலி 1,800, போல்ட், லாக் பின், சங்கிலி வகைக்கு 1,340, பிரைமரும் பெயிண்டும் 1,260, ஆர்.சி.சி.பி.யும் ஒயரிங்கும் 2,950. ஆக மொத்தச் செலவு 18,700 ரூபாய். டயர் ரப்பரும் தேக்கும் செலவில்லாமல் கிடைத்தவை. பில்கள் அலுவலகத்தில் உள்ளன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கையிருப்பு 2,300 ரூபாயில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க இரண்டு நல்ல கட்டைகள் வாங்க உத்தேசம். இப்போது செங்கல்லை வைத்துக்கொண்டிருக்கிறோம், அது நொறுங்குகிறது. ஆடிப் புறப்பாட்டுக்கு முன்பாக போல்ட்டுகளை முடுக்கி, கொக்கியின் வெல்டிங்கைத் தேய்த்துப் பார்க்க ஆள் தேவை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு