அல்யோஷாவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள அல்யோஷா,

நீ அனுப்பிய வீடியோ கிடைத்தது. ஜீனா சித்தியையும் வரச்சொல்லிச் சேர்ந்து பார்த்தோம். நீ விசோத்ஸ்கியின் இசையை வாசிக்கிறாய் என்றதும் சித்தி பாட்டுக்கார விசோத்ஸ்கி என்று நினைத்துக்கொண்டாள். 1837இல் மாஸ்கோவில் கையில் காசில்லாமல் செத்த கிதார்க்காரர் மிகயீல் விசோத்ஸ்கி வேறு ஆள் என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்டு முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா இருந்திருந்தால் ஊரையே கூட்டியிருப்பார். 1926இல் ஸ்பெயின் கிதார்க்காரர் செகோவியா வந்து வாசித்துவிட்டுப் போனதிலிருந்து இங்கே ஆறு தந்திக் கிதாருக்குத்தான் மரியாதை என்று எத்தனை நாள் பொருமியிருப்பார்! தந்தியை அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் பேசுகிற நம் ஏழு தந்திக் கிதாரை விட்டுவிட்டார்களே என்பார்.

வலது கையை நன்றாகக் கிட்டத்தில் காட்டியிருந்தார்கள். வாசிக்கும்போது கல்யாண மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுவாயா? அப்பா ஒருநாளும் கழற்றியதில்லை. சரி, உனக்கு எது வசதியோ அப்படி.

இளைத்திருக்கிறாய். சூப் வைத்துக் குடி. வெறும் ரொட்டியில் காலம் தள்ளாதே.

சிக்ராவின் டூயட் ஏன் இந்த முறை இல்லை? குவார்ட் கிதார் மரீனா கையில்தான் அழகு. அவ்வளவு சின்னக் கருவி, நான்காவது ஸ்வரத்துக்கு ஏறி நின்றுகொண்டு உன்னோடு வம்புக்கு இழுக்கும். தனியாக வாசிப்பதும் நன்றாகத்தான் இருந்தது. குறை சொல்லவில்லை. மரீனாவை ஒருநாள் போன் பண்ணச் சொல். புத்தாண்டுக்குக்கூடப் பண்ணவில்லை.

அலமாரியை ஒழித்தபோது மெலோதியா கம்பெனி 1970இல் போட்ட அந்த லூட் (கிதார் மாதிரியான பழங்காலத் தந்திக் கருவி) இசைத்தட்டு கிடைத்தது. அப்பா உயிராக நேசித்த தட்டு. அந்தக் காலத்து இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ த மிலானோ என்றும் பெயர் தெரியாத பழைய ஆள் என்றும் உறையில் போட்டிருந்ததை அவர் அப்படியே நம்பியிருந்தார். அநேகமாக எல்லாமே அதில் வாசித்த வவீலவ் தானே எழுதியது என்று தெரிந்தபோது இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பாவம், அந்த மனிதர் ஐம்பதைக்கூடப் பார்க்காமல் 1973இல் போய்விட்டார். தன் பெயரில் போட்டால் யார் அச்சடித்திருப்பார்கள் என்று நான் பரிந்து பேசினேன். நீதான் மேசையைத் தட்டி, "சொல்லித் தொலைத்திருக்கலாமே, யார் தலையை வாங்கியிருக்கப் போகிறார்கள்" என்றாய். பள்ளிக்கூடம் போகிற பையன், என்ன கோபம்! இப்போது நீயே நிஜ லூட்டை மடியில் வைத்துக்கொண்டு பழைய ஏடுகளைத் தேடி அலைகிறாய். பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த ஏடுகளுக்குக் கொடுக்கிற நேரத்தில் கால்வாசி வீட்டுக்கும் கொடு. விசோத்ஸ்கி கதை தெரியும் அல்லவா? சூப்பை மறக்காதே.

மரீனாவுக்கு ஒரு சாம்பல் நிறச் சால்வை பின்னி முடித்துவிட்டேன். அவள் பிறந்தநாளுக்குள் வந்து சேரவேண்டும். சித்தி மகள் அடுத்த மாதம் பெர்லின் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். எந்த முகவரியில் கொடுக்கச் சொல்லட்டும் என்று மட்டும் எழுது. பழைய முகவரியேதான் என்றால் ஒன்றும் எழுத வேண்டாம்.

முத்தங்களுடன்,
அம்மா