பூரணிக்கு, சிங்கப்பூர் அங் மோ கியோவிலிருந்து

அன்பு மகள் பூரணிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குப் பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், சர்க்கரை முன்பைவிடக் குறைந்திருக்கிறது. நம் புளோக்குக்குச் சாயம் பூசுகிறார்கள், பகலில் சன்னலைத் திறக்க முடியவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரல் படம்தான் வருகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை இரவு வழக்கம்போல நீ சென்னையில் நடிக்கிற தொடரைப் போட்டோம். விளம்பரம் முடிந்ததும் உன் முகத்தையும் பக்கத்தில் இன்னொரு பெண்ணின் முகத்தையும் காட்டி, இவருக்குப் பதில் இனி இவர் என்று எழுத்துப் போட்டார்கள். உடனே அந்தப் பெண் நீ கட்டுகிற மாதிரியே ஒரு புடவையில், காபித் தட்டோடு சமையல்கட்டிலிருந்து வந்தாள். குரல் மட்டும் மாறவில்லை. உனக்கு டப்பிங் பேசியவரே அவளுக்கும் பேசுகிறார். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் கடைசிவரை பார்த்தேன். அதற்கு முந்தின ஞாயிறுதான் "ஷூட்டிங் இருக்கு பா, அப்புறம் பேசறேன்" என்று எழுதியிருந்தாய்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். நீயாகவே விலகியிருக்கலாம், வேறு நல்ல வாய்ப்பு வந்திருக்கலாம். வியாழக்கிழமை டிஆர்பி வந்தால் வெள்ளிக்கிழமை கதை மாறிவிடும் என்று நீதானே சொல்லியிருக்கிறாய். ஒன்று மட்டும் சொல்கிறேன். விலகுவதற்கு என்று ஏதாவது காகிதம் நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. வர வேண்டிய சம்பளப் பாக்கியை முதலில் கேள். புடவையும் நகையும் உன் கைக்காசில் வாங்கிக் கொண்டுபோனவை, அவற்றையும் எண்ணி எடுத்துக்கொள்.

நான் கால்டிகாட் குன்றுத் தொலைக்காட்சி நிலையத்தில் செட் போட்டவன், எனக்கு இந்தத் தொழில் தெரியாது என்று நினைக்காதே. எஸ்பிசி என்ற சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகத்தின் காலத்தில் எட்டாம் ஒளிவழியில் தமிழுக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். அப்புறம் வசந்தம் சென்ட்ரல் வந்தது, அதுவும் குழந்தைகள் நிகழ்ச்சியோடும் கலை நிகழ்ச்சியோடும் ஒரே ஒளிவழியைப் பங்கு போட்டுக்கொண்டது. 2008 அக்டோபரில்தான் வசந்தம் தனி ஒளிவழி ஆனது. அத்தனை காலத்திலும், ஒரு வேடத்தில் ஊரெல்லாம் பெயர் எடுத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தவர்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பகலில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவார்கள், சாயங்காலம் மேக்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். இங்கே நடிப்பை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதை யாரும் குறைவாக நினைத்ததில்லை. நீயும் நினைக்காதே.

இங்கே நீ நடித்த தாதி வேடத்தை வைத்து, தேக்கா சந்தையில் மீன்காரர் இன்னும் என்னைத் "தாதி செல்வி அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார். மருத்துவமனை நடைவழியில் அந்தப் பெரியவரிடம் அவர் மகன் வரமாட்டான் என்று நீ சொல்கிற காட்சி இருக்கிறதே, அதில் நீ அழவில்லை, சத்தமாகவும் பேசவில்லை. வசந்தத்தின் பிரதான விழா விருது மேடையில் உன் பெயரைக் கூப்பிட்டபோது எனக்குக் கேட்டது அந்தக் காட்சியில் இருந்த குரல்தான். அது உன் குரல் பாப்பா. கேரளாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிற பெண்களுக்குத் தமிழ் வராது, டப்பிங் வைக்கிறார்கள், சரி. உனக்கு எதற்கு? உன் தமிழில் சிங்கப்பூர் வாடை அடிக்கிறது என்று சொன்னவர்களிடம் நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். பேசாமல் சரி என்று தலையாட்டிவிட்டாய். அன்றைக்கு நான் ரொம்ப வருத்தப்பட்டேன். ஆனாலும் யாரையும் தெரியாத ஊரில், சிபாரிசு எதுவும் இல்லாமல், ஆடிஷனில் நின்று ஒரு முதன்மை வேடம் வாங்கினாயே, அது நம் குடும்பத்தில் யாருக்கும் வராத துணிச்சல். அதையும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ராதிகாவைப் பற்றி நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இன்னொரு தடவை கேள். சித்தி 1999 டிசம்பரில் தொடங்கி 2001 நவம்பரில் முடிந்தது. ஊரெல்லாம் அவரைச் சித்தி என்றே கூப்பிட்ட நேரம். அதோடு நின்றாரா? அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி என்று 2018 வரை ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. காரணம் நடிப்பு மட்டுமில்லை. ராடான் அவருடைய நிறுவனம். கதையும் அவர் கையில், கால்ஷீட்டும் அவர் கையில். இவருக்குப் பதில் இவர் என்று அவருக்கு யார் எழுத்துப் போட முடியும்? தேவயானியையும் பார். படத்தில் கதாநாயகியாக இருந்தவர், கோலங்களில் 2003 முதல் 2009 வரை 1500 எபிசோடுக்கு மேல் அபியாக நின்றார். அப்படி நிலைக்கிறவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்குத் தினச் சம்பளம், கூப்பிட்டால் வேலை. ஆகவே உன் பெயரில் ஏதாவது ஒன்று இருக்கட்டும். ஒரு சின்ன நிறுவனமோ, ஒரு நாடகப் பட்டறையோ, எதுவானாலும் சரி. வாடகை ஒப்பந்தமாவது உன் பெயரில் இருக்கிறதா?

இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பாண்டியன் ஸ்டோர்ஸில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பர் 9 அன்று இறந்துபோன செய்தி வந்தபோது நீ இங்கே இந்த வீட்டில்தான் இருந்தாய். அம்மா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. அந்தப் பெண்ணின் வயதும் உன் வயதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நாளில் முல்லையாக வேறொரு பெண் வந்தார், தொடர் ஓடியது. தொடர் அப்படித்தான் ஓடும், அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெற்றவர்களுக்குப் பதிலுக்கு ஆள் வராது. கிளம்புவதற்கு முந்தின இரவு, தினமும் ஒரு தடவை குரலைக் கேட்க வைப்பேன் என்று அம்மாவிடம் கைமேல் அடித்துச் சொன்னாய். அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கட்டைவிரல் படத்தை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

உன் அத்தை போன வாரம் வந்திருந்தாள். இன்ஸ்டாகிராமில் கல்யாணப் படங்களைக் காணோம் என்றாள். நான் அதையெல்லாம் பார்ப்பதில்லை. யூடியூபில் முகத்துக்கு மேல் சிவப்பு வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைத்து விடுகிறார்களே, அதையும் திறக்கவில்லை. திறந்தால் அவர்களுக்குக் காசு. பெருமாள் கோயில் மண்டபத்தில் எடுத்த ஆல்பம் என் அலமாரியில் இருக்கிறது, அது போதும் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல். சொல்ல வசதிப்படாவிட்டால் விட்டுவிடு.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. ஷூட்டிங் முடிந்து தனியாக ஆட்டோவில் வராதே. பூந்தமல்லிப் பக்கம் இரவில் வண்டிகள் வேகமாக வரும்.

அப்புறம் விசா. வேலை விசா எந்தத் தேதிவரை இருக்கிறது என்று பார்த்துக்கொள். அது அந்த நிறுவனத்தை வைத்துக் கொடுத்தது, தொடரிலிருந்து விலகிவிட்டால் என்ன ஆகும் என்று விவரம் தெரிந்தவரைக் கேள். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் கொடுத்த முகவரியில்தான் இப்போதும் இருக்கிறாயா? முகவரி மாறியிருந்தால் எனக்கும் தெரிய வேண்டும். இந்தக் கடிதமே சரியான இடத்துக்கு வருகிறதா என்று தெரியாமல்தான் அனுப்புகிறேன்.

இன்னொரு விஷயம், சும்மா தெரிந்து வைத்துக்கொள். முப்பத்தைந்து வயது ஆகிவிட்டால் சிங்கப்பூரர் தனியாளாகவே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்கலாம். மணமாகாதவர்கள் மட்டுமில்லை, மணவிலக்குப் பெற்றவர்களும் வாங்கலாம். கீழ்மாடியில் இருக்கும் மலாய்க்கார அக்காவின் மகள் அப்படித்தான் வாங்கினாள். பிள்ளையோடு நிம்மதியாக இருக்கிறாள், வாரம் ஒரு தடவை அம்மாவைப் பார்க்க வருகிறாள். யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுவரை உன் அறை இருக்கிறது. உன் தம்பி அங்கே கணினி மேசை போட்டிருந்தான், ஹாலுக்கு மாற்றிவிட்டோம். அவனே மாற்றினான், நான் சொல்லவில்லை.

சென்னை போனது தப்பு என்று நான் எப்போதும் சொன்னதில்லை. போகும்போது விமான நிலையத்தில் உன் முகத்தைப் பார்த்துப் பேசாமல் நின்றேன் என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். பேசினால் அழுதிருப்பேன், அவ்வளவுதான். மகள் சென்னையில் கதாநாயகி என்று இந்த வட்டாரத்தில் சொல்ல என்னைத் தவிர யாருக்கும் கொடுத்துவைக்கவில்லை. இனி நடித்தாலும் சரி, நடிக்காவிட்டாலும் சரி, வசந்தத்தில் தொகுப்பாளராக வந்தாலும் சரி, பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தாலும் சரி. வேலைக்கு வெட்கப்படாதே. அம்மாவிடம் பேசு. என்னிடம் பேசக் கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் மட்டுமாவது பேசு.

ஞாயிற்றுக்கிழமை அத்தை மறுபடி வருகிறாள். நீ நன்றாக இருக்கிறாய், அடுத்த தொடருக்குப் பேச்சு நடக்கிறது என்று சொல்லப் போகிறேன். வேறு மாதிரி சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் சொல்லிவிடு. நீ எதைச் சொல்லச் சொல்கிறாயோ அதைச் சொல்வேன்.

யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும், படப்பிடிப்புக் காகிதமோ வீட்டுக் காகிதமோ கோர்ட்டுக் காகிதமோ, படிக்காமல் கையெழுத்துப் போடாதே. எனக்கு ஒரு படம் பிடித்து அனுப்பு. நமக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார், சிராங்கூன் சாலையில் அவர் அலுவலகத்துக்கு நானே போய்க் கேட்டு வருகிறேன்.

இப்படிக்கு
அப்பா

பி.கு.: வீட்டு அட்வான்ஸ் பத்து மாத வாடகை கொடுத்தோம், ரசீது என் பெயரில் இருக்கிறது. காலி செய்யும்போது வீட்டுக்காரர் அதைத் திருப்பித்தர வேண்டும். தராமல் இழுத்தடித்தால் அதற்காக அங்கே காத்துக்கொண்டு இருக்காதே. போனால் போகட்டும், நீ கிளம்பி வா. டிக்கெட்டுக்குப் பணம் உன் சேமிப்புக் கணக்கில் போட்டிருக்கிறேன், கூட்டுக் கணக்கில் இல்லை, உன் ஒருத்தியின் பெயரில் இருப்பதில்.