கணக்கெடுக்க வந்தார்கள், மல்லிகா

மதுரை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மல்லிகா,

நலம்தானே? அண்ணனுக்கு முதுகுவலி தேவலையா? பணிமாறுதல் கலந்தாய்வில் உனக்கு ஊருக்குப் பக்கத்திலேயே பள்ளி கிடைத்துவிட்டது என்று உன் அம்மா சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம். பஸ் மாறி பஸ் ஏறி அலைந்த காலம் முடிந்தது. நம் பட்டாளத்தில் ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் இருக்கிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெஸ் ரசத்தில் கப்பல் விட்ட கைதான் இப்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. வார்டன் அம்மா காதில் விழுந்தால் தாங்க மாட்டார்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ டீச்சர் குரலை எடுத்துவிடுவாய். இதை முழுசாகச் சொல்லி முடிக்க வேண்டும், அதனால்தான் கடிதம். நடுவில் புகுந்து பேசாமல் படி.

போன வாரம் எங்கள் தெருவுக்குப் பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்பு வந்தது. நீயே வருஷா வருஷம் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும் வேலைதான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன், கூடவே அங்கன்வாடி அம்மா. நான் மெஷினில் இருந்தேன். பாப்பா தரையில் கறுப்பு லைனிங் துணியை விரித்து சாக்கால் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். “எந்த ஸ்கூல்மா?” என்று கேட்டதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறோம் என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார், “படிப்பியா?” என்று பாப்பாவைக் கேட்டார். இவள் கிட்டே போய் அவர் கழுத்து அட்டையையே பிடித்துக்கொண்டு “வட்டார... வ... ள... வள மையம்” என்று படித்தாள். ‘ள’வில் கொஞ்சம் நின்றாள், ஆனால் தாண்டிவிட்டாள். அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே பெயரையும் பதிந்துகொண்டார். “எழுதித்தான் ஆகணும்மா” என்றார். எழுதத்தான் வேண்டும். எந்தப் பிள்ளை கடையில் எடுபிடியாக நிற்கிறது, எது செங்கல் சூளையில் இருக்கிறது என்று தேடிப் பிடிக்கத்தானே இந்தக் கணக்கு? என் பிள்ளைக்காக ஒரு வீட்டைத் தாண்டிப் போனால், நாளைக்கு நிஜமாகவே தேவைப்படும் வீட்டையும் தாண்டிப் போய்விடுவார்கள்.

அன்றிலிருந்து அத்தைக்குத் தூக்கம் இல்லை. போலீஸ் வருமா, ரேஷன் கார்டில் கை வைப்பார்களா என்று ஒரே கேள்வி. போலீஸ் வராது என்று எனக்குத் தெரியும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தைத் தமிழில் எடுத்துப் படித்துவிட்டேன். 6 முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று இருக்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்குத் தண்டனை என்று எந்தப் பிரிவும் இல்லை. வீட்டில் படிப்பிப்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் கிடையாது. அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் அத்தைக்குப் படித்துக் காட்டினேன்: பள்ளிக்கே போகாத பிள்ளை எந்த வயதில் வந்தாலும் அந்த வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும், பாடத்தில் பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதாவது கதவு பூட்டவில்லை. அத்தை கேட்டுவிட்டு, “பூட்டலைன்னா உள்ள போக வேண்டியதுதானே” என்றார். அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

தனியார் பள்ளியிலிருந்து ஏன் நிறுத்தினோம் என்பது உனக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. யூகேஜி பிள்ளை வேன் ஹாரன் கேட்டதும் வாந்தி எடுத்தால் என்ன செய்வது? அதற்கு வருடம் 30,000 ரூபாய்க்கு மேல் கட்ட வேறு வேண்டும். சரி, அது போகட்டும்.

இப்போது வீட்டில் எப்படி நடக்கிறது என்று கேட்டாயே, அதைச் சொல்கிறேன். காசு அதிகம் ஆகவில்லை. என் வீட்டுக்காரருக்கு ஒர்க்‌ஷாப்பில் வாரச் சம்பளம், எனக்கு ஜாக்கெட்டும் ஃபால்ஸும் சேலைக் குஞ்சமும். வாடகை, சீட்டு, மருந்து போக மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று உனக்கே தெரியும். சிலேட்டு ஒன்று, சாக்பீஸ், ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் அடித்துக் கழித்த தாள், இதுதான் எங்கள் ஸ்டேஷனரி. அரசுப் பாடப்புத்தகம் நெட்டில் இலவசமாகவே இருக்கிறது, வேண்டிய பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுக்கிறேன். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் படத்தோடு நிறைய இருக்கின்றன, அதற்கும் காசில்லை. ஆனால் போன் அவரிடம், அவர் வருவதற்கு ராத்திரி ஆகிவிடும், அதற்குள் இவள் தூங்கிவிடுவாள். அதனால் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறோம்.

எழுத்துக்கு நான் சுவரில் சார்ட் மாட்டவில்லை. மொத்தம் 247 கட்டத்தை ஆறு வயதுப் பிள்ளைக்கு முன்னால் தொங்கவிட்டால் அது எங்கே போய் முட்டிக்கொள்ளும்? ட, ப, ம மூன்றையும் முதலில் எடுத்தேன். மூன்றும் பெரும்பாலும் நேர்க்கோடும் மூலையுமாக இருப்பதால் சாக்கால் இழுக்கச் சுலபம். மேலே ஒரு புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுத்ததும் படம், மடம், மட்டம், பட்டம் எல்லாம் வந்துவிட்டன. துணைக்கால் போட்டதும் மாமா, மாடம், பாட்டம், பாப்பா. தன் பேரைத் தானே எழுதிவிட்டதாக நினைத்து ‘பாப்பா’வை வீடு முழுக்க எழுதினாள், அரிசி டின்னைக்கூட விடவில்லை. ஹவுஸ் ஓனர் அம்மா பார்க்காத இடத்தில் மட்டும் இன்னும் அழிக்காமல் இருக்கிறது.

கணக்கைக் கேட்டால் உனக்கு ஆச்சரியமாக இருக்கும். எல்லாம் என் தையல் டேப்தான். 60 இஞ்ச் டேப்பில் கூட்டலும் கழித்தலும் விரலை முன்னே பின்னே நகர்த்துவதுதான் என்பதை அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். ஒருநாள் 36 இஞ்ச் மார்பளவு ஜாக்கெட்டுக்குத் துணியை நாலாக மடித்துக் குறி வைத்துக்கொண்டிருந்தேன். “ஏம்மா ஒம்பதுல போடுற?” என்றாள். டேப்பை அவள் கையில் கொடுத்து, 36 வரைக்கும் எடுத்து நாலாக மடி என்றேன். மடித்தாள், 9 வந்தது. 32-க்கு 8. அப்புறம் அவளாகவே 38-ஐ மடித்துவிட்டு முழித்தாள். மடிப்பு ஒன்பதிலும் நிற்கவில்லை, பத்திலும் நிற்கவில்லை. சின்னக் கோடுகளை நகத்தால் தடவிப் பார்த்து, “ஒம்பதும் இன்னொண்ணுல பாதியும்” என்றாள். ஒன்பதரை! வகுத்தல் என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது, மல்லிகா. என் கையில் இருந்த கத்தரியை அப்படியே கீழே வைத்துவிட்டேன். டேப்பைத் திருப்பி, பின்பக்கம் ஏன் நம்பர் வேற மாதிரி இருக்கு என்றும் கேட்டாள். சென்டிமீட்டர் பஞ்சாயத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவரும் சும்மா இல்லை. ஐஐடியில் படித்துவிட்டுக் குப்பையிலிருந்து பொம்மை செய்கிறாரே அரவிந்த் குப்தா, 2018-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், அவருடைய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு சைக்கிள் கடையிலிருந்து வால்வ் ட்யூப் வாங்கி வந்தார். துண்டு துண்டாக வெட்டி, தீக்குச்சிகளைச் செருகி மூணு மூலையும் நாலு மூலையும் செய்தார்கள். நாலு மூலை தொட்டதும் சாய்கிறது, மூணு மூலை அசையவில்லை. மறுநாள் தெருவில் நின்ற சைக்கிளைக் காட்டி, “இதுலயும் மூணு மூலை இருக்குப்பா” என்றாளாம். அவர் அதை என்னிடம் சொன்னபோது முகத்தைப் பார்க்க வேண்டுமே! பத்தாவதோடு படிப்பை விட்டவர் அவர்.

எங்களைப் பெரிதாகத் தாங்குவது நூலகம்தான். இங்கே கிளை நூலகத்தில் சொற்ப வைப்புத்தொகை கட்டி அவள் பேரிலேயே கார்டு வாங்கினோம். 1948-ல் நூலக அறிஞர் ரங்கநாதன் பாடுபட்டு அன்றைய சென்னை மாகாணத்துக்கு நூலகச் சட்டம் வந்தது, இன்றைக்கும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி போகிறது. நாம் வாடகையில் அதையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், அப்புறம் ஏன் கூச்சப்பட வேண்டும்? புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் போகிறோம். குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, குளுகுளுவென்று ஏசி. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் போக்குவரத்துச் செலவே கிடையாது. சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டு போனால் மத்தியானம் வரைக்கும் அங்கேதான். ஃபேனுக்கே யோசிக்கிற சித்திரை வெயிலில் இது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? கீழடி அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப்போனேன். பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று கீறியிருப்பதைக் காட்டி, அது ஒருத்தர் பேர் என்றேன். “அவங்களும் பாத்திரத்துல பேர் எழுதுனாங்களா?” என்றாள். எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கில் தாத்தா பேர் இருக்கிறதே, அந்த ஞாபகம்.

இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறேனே, இப்போது கஷ்டத்தையும் கேள்.

காலை ஒன்பதரைக்குத் தெரு காலியாகிவிடும். சாயங்காலம் நாலரைக்கு வேன் வரும்வரை பாப்பாவுக்கு விளையாட ஆள் கிடையாது. வாசற்படியில் உட்கார்ந்து, “இன்னும் எவ்ளோ நேரம்மா?” என்று கேட்பாள். மணி பார்க்கக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். புத்தகம் இரவல் கிடைக்கும், டேப் வீட்டில் இருக்கிறது, நண்பர்களை எங்கே போய் இரவல் வாங்க? சண்டை போட்டு, டூ விட்டு, மறுநாள் ஒட்டிக்கொள்வதற்கு அதே வயதுப் பிள்ளைதான் வேண்டும். நமக்கு நம் பட்டாளம் கிடைக்காமல் போயிருந்தால் நாம் என்ன ஆகியிருப்போம்?

இன்னொன்று நேரம். வீட்டில் படிப்பிப்பதற்குக் காசு குறைவு என்றேன், ஆள் செலவு அதிகம். பெரியவர் ஒருவர் நாள் முழுக்கக் கூடவே இருக்க வேண்டும். பகலில் மெஷின் ஓட்டுவது பாதியாகக் குறைந்துவிட்டது, முகூர்த்த ஜாக்கெட்டெல்லாம் ராத்திரிதான். கண் எரிகிறது. பள்ளிக்கூடம் போயிருந்தால் காலை உணவு, மதிய உணவு, புத்தகம், சீருடை, செருப்பு என்று அரசாங்கமே கொடுத்திருக்கும். 2022-ல் இதே மதுரையில்தானே காலை உணவைத் தொடங்கினார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு நான் கையில் எடுத்திருப்பது சின்ன விஷயம் இல்லை. அதனால் யாராவது வந்து நாங்களும் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டுக்கு நான் சரி என்று சொல்லவே மாட்டேன். உன்னை மாதிரி டீச்சர் இருக்கிற அரசுப் பள்ளி பக்கத்தில் இருந்தால் அங்கேதான் சேர்க்கச் சொல்வேன்.

பின்னால் சர்டிஃபிகேட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்பாய். எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பன்னிரண்டரை வயது ஆகியிருந்தால் போதும். 14 முடிந்தால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுதலாம். அதற்கெல்லாம் ரொம்பக் காலம் இருக்கிறது. எனக்கு இப்போது தெரிய வேண்டியது இந்த ஜூன் மாதம். பாப்பா பயம் தெளிந்துவிட்டாள் என்று நான் நினைக்கிறேன், ஆனால் நான் அவள் அம்மா. அவளை நாலு பிள்ளைகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேறு கண் வேண்டும்.

அதனால் லீவு விட்டதும் மகனையும் கூட்டிக்கொண்டு சித்திரைத் திருவிழாவுக்கு வா. அழகர் இறங்குவதைப் பார்த்துவிட்டு நாலைந்து நாள் இங்கேயே இரு. அரசுப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குக் கொடுக்கிற எண்ணும் எழுத்தும் பயிற்சிப் புத்தகம், அரும்பு, மொட்டு, மலர் எந்த நிலையானாலும், பழையது பள்ளியில் கிடந்தால் எடுத்துவா. வந்ததும் கேள்வி கேட்டுச் சோதிக்காதே, வாயே திறக்க மாட்டாள். அவளோடு சமையலறையில் உட்கார், மாவுக்கு அரிசி அளக்கச் சொல், கதை படிக்கச் சொல்லிக் கேள். தெருப் பிள்ளைகளோடு எப்படி இருக்கிறாள் என்று பார். பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி சொல். ஜூனில் சேர்த்துவிடு என்று நீ சொன்னால் சேர்த்துவிடுவேன். இன்னொரு வருஷம் வைத்துக்கொள் என்றால் அதற்கும் தயார். பெயர் பதிந்துபோனார்களே, அதற்கு அடுத்து என்ன நடக்கும், திரும்ப வந்தால் நான் எதை எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதையும் உங்கள் வட்டாரத்தில் விசாரித்து வை.

நம் பட்டாளத்துக் குட்டச்சிக்கு இரண்டாவதும் பையனாம், ஈரோட்டில் அம்மா வீட்டில் இருக்கிறாள். நீ வரும்போது மூன்று பேரும் போனிலாவது கத்தலாம்.

வரும் தேதியை முன்னாடியே சொல்லிவிடு, ஜாக்கெட் ஆர்டரைக் குறைத்து வாங்கிக்கொள்வேன். உன் அளவு ஜாக்கெட்டையும் ஒன்று கொண்டுவா, போன தடவை தைத்தது பிடிக்கிறது என்றாயே.

அன்புடன்,
தேவி