மழை வந்த வருடத்தில் களையைக் கொஞ்சம் விட்டுவை

அன்பு மகனுக்கு,

போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். யோசித்துப் பார்த்தேன். எழுதினால்தான் சரியாக வரும்.

2022 வறட்சியில் கான்சஸ் மாநிலத்துக் கோல்பி ஊரைச் சுற்றி நிலம் எப்படிக் கிடந்தது என்று நீயே வந்து பார்த்தாய். இலையுதிர்காலத்தில் விதைத்த கோதுமையில் பாதி முளைக்கவில்லை. இந்த மே கடைசியில் தொடங்கிய மழை கோதுமைக்குப் பிந்திவிட்டது, களைக்குச் சரியாக அமைந்துவிட்டது. உன் பெயரில் இருக்கும் தெற்கு நிலத்தில் பயிர் செத்த இடமெல்லாம் கோச்சியாவும் காட்டுச் சூரியகாந்தியும் இடுப்பளவு நிற்கின்றன. ஒரேயடியாக மருந்தடித்துச் சுத்தம் செய்துவிடலாமா என்று கேட்டாய். எல்லாவற்றையும் அடிக்காதே; நாம் வேட்டையாடும் கோழி மாதிரிப் பறவையான ஃபெசன்டுக்கு அது வேண்டும்.

2012 வறட்சி முடிந்து மழை திரும்பியபோது நான் அதைத்தான் செய்தேன். வேலியோரம் வரை புல்லை வெட்டினேன், அறுவடை முடிந்த கையோடு கோதுமையின் அடித்தாளில் மருந்தடித்தேன். நிலம் துடைத்துவிட்டதுபோல இருந்தது, எனக்குப் பெருமையாகவும் இருந்தது. நவம்பரில் வேட்டை தொடங்கிய சனிக்கிழமை நாம் இருவரும் நாள் முழுக்க நடந்து இரண்டே இரண்டு ஃபெசன்ட் சேவலைப் பார்த்தோம். மழைதான் பெய்துவிட்டதே, பறவை எங்கே என்று கேட்டாய். வறட்சியில் செத்துவிட்டன என்றேன். அது பாதி உண்மைதான். மிச்சம் இருந்தவை குஞ்சு வளர்க்க நான் இடம் வைக்கவில்லை.

ஃபெசன்டில் பெரும்பாலானவை இரண்டாவது வருடத்தைப் பார்ப்பதில்லை. அதனால் ஒவ்வொரு கோடையிலும் கூட்டம் புதிதாகத்தான் உண்டாக வேண்டும். ஒரு நல்ல கோடை கிடைத்தால் போதும், மளமளவென்று பெருகிவிடும். ஒரு பேடு பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு 23 நாள் அடைகாக்கும். பொரிந்த குஞ்சு எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். முதல் சில வாரங்களுக்கு அதற்குத் தானியம் உதவாது, பூச்சிதான் உணவு. பூச்சி அகல இலைச் செடிகளில்தான் மண்டிக் கிடக்கும். மேலே பருந்தின் கண்ணுக்கு மறைப்பு, கீழே குஞ்சு ஓட வெறும் தரை, இரண்டும் அங்கே கிடைக்கும். பாய் போலப் படர்ந்த பழைய புல்லில் அந்தச் சின்னக் கால்கள் நுழைய முடியாது. நாம் அசிங்கம் என்று நினைக்கும் களைக்காடுதான் அதற்கு வீடு.

இந்த வருடம் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பேடு ஏப்ரலில் கூடு கட்ட, முந்தைய வருடத்துப் புல் காய்ந்து நிற்க வேண்டும். அரசின் நிலப் பாதுகாப்புத் திட்டமான சி.ஆர்.பி.யில் சேர்த்த நம் நிலத்தில் அது இல்லை. புல்லாகவே விட்டுவைக்கத்தான் அரசு நமக்கு வாடகை தருகிறது என்றாலும், வறட்சிக்காக மேய்ச்சலுக்கு அனுமதி வந்தபோது மாடுகளை விட்டோம். வேறு தீவனம் இல்லை, அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறைப்பில்லாமல் கட்டிய கூடுகள் பல போயிருக்கும். கூடு போன பேடு மறுபடி முட்டையிடும். அந்தக் குஞ்சுகள் பிந்தித்தான் வரும். ஏப்ரல் 15 முதல் ஜூலை 15 வரைதான் அங்கே புல் வெட்டத் தடை என்றாலும், நீ ஆகஸ்டு வரை மெஷினை இறக்காதே. மாட்டையும் இந்த வருடம் விடாதே. புல்லின் வேர் தேற ஒரு முழுப் பருவமாவது வேண்டும்.

களை தண்ணீர் குடிக்காது என்று நான் பொய் சொல்லப் போவதில்லை. செப்டம்பர் விதைப்புக்கு ஈரம் வேண்டும். கோச்சியா விதை போட்டால் அடுத்த வருடம் முளைப்பதில் பல கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லிக்கும் சாகாமல் போகலாம். அதனால் நடுவில் ஊன்றிய குழாய் சுற்றிவந்து நீர் தெளிக்கும் பாசன வட்டத்துக்குள் தாராளமாக அடி. 160 ஏக்கர் சதுரத்தில் வட்டம் போக நாலு மூலையும் சேர்த்து ஏறக்குறைய 30 ஏக்கர் மிஞ்சுகிறதே, அதை விட்டுவை. புல்வெளியை ஒட்டிய ஓரத்தில் ஒரு அறுபது அடி அகலமும் விடு. அங்கே எப்படியும் விளைச்சல் சுமார்தான், விதைக்கும் டீசலுக்குமே கட்டாது.

அறுவடைக்காரர் அடுத்த வாரம் வருகிறார். கதிரை மட்டும் உருவும் ஹெட்டர் என்ற முன்பாகம் அவர் மெஷினுக்கு இருக்கிறதா என்று கேள். இல்லாவிட்டால் முடிந்த அளவு உயரத்தில் அறுக்கச் சொல். உயரமான தாள் குளிர்காலத்தில் பனியைப் பிடித்து வைக்கும், அந்த ஈரம் நமக்குத்தான். பறவைக்கும் ஒதுங்க இடமாகும். அப்புறம், வடக்குப் பக்கம் பாயாகிப் போன பழைய புல்லில் பிப்ரவரியில் பட்டை பட்டையாக லேசாக டிஸ்க் கலப்பை ஓட்டலாம். அதற்கு நான் இருக்கிறேன்.

ஆகஸ்டில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. பனித்துளி நிறைய விழும் காலையில் பேடுகள் குஞ்சுகளோடு சாலையோரம் வந்து இறகை உலர்த்தும். சூரியன் ஏறும் முன் பிக்கப்பில் மெதுவாகப் போனால் எண்ணிவிடலாம். பேடு எத்தனை, ஒவ்வொன்றுக்கும் குஞ்சு எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா