கண்ணாடிக்குப் பாதி விலை

அன்புள்ள தம்பிக்கு,

“நிதியமைச்சருக்குப் பொருளாதாரம் தெரிந்தால் போதாதா அண்ணா? அவர் அப்பா என்ன வேலை பார்த்தார் என்பது எதற்கு?” என்று போனவாரம் கேட்டாய். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. 1951 ஏப்ரலில் பிரிட்டனில் நடந்த ஒரு சண்டையைச் சொல்கிறேன், கேள்.

சண்டையிட்ட இருவரும் ஒரே தொழிற்கட்சி அமைச்சரவையில் இருந்தவர்கள். நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் ஐ.சி.எஸ். அதிகாரியின் மகன்; ஆக்ஸ்போர்டில் படித்து லண்டனில் பொருளாதாரம் கற்பித்தவர். நீ கேட்கும் தகுதி முழுமையாக உள்ளவர். எதிரே அனைரின் பெவன். வேல்ஸின் டிரெடீகர் ஊரில் பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். மங்கிய வெளிச்சத்தில் சுரங்கத் தொழிலாளருக்கு வரும் கண் நோய் அவருக்கும் இருந்தது. நுரையீரலில் தூசி படிந்து அவர் அப்பா 1925இல் இறந்தபோது, அந்த நோய்க்கு இழப்பீடே கிடையாது. டிரெடீகர் தொழிலாளர்கள் கூலியில் சில பென்ஸ் பிடித்துக்கொடுத்து, தங்களுக்கென்று மருத்துவர்களை அமர்த்தியிருந்தார்கள். 1948 ஜூலை 5 அன்று நாடு முழுவதற்குமான இலவச மருத்துவத்தைச் சுகாதார அமைச்சராகத் தொடங்கிவைத்த பெவனின் மனதில் இருந்தது அந்த ஊர் ஏற்பாடுதான்.

கொரியப் போர் மூண்டதும் மூன்றாண்டு ராணுவச் செலவு 470 கோடி பவுண்டு என்றானது. பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலையை மக்களே தரட்டும் என்றார் கெய்ட்ஸ்கெல். அந்த ஆண்டு மிச்சமாகக்கூடியது 1.3 கோடி பவுண்டு. சின்னத் தொகைதானே, மக்கள் தாங்கிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. சின்னத் தொகைதானே, இதற்காகவா ஏழையின் வாயையும் கண்ணையும் தொட வேண்டும் என்பது பெவனின் கோபம். நம் அப்பத்தா காது உடைந்த கண்ணாடியை நூலால் கட்டிப் பல வருடம் ஓட்டியதைப் பார்த்த எனக்கு, யார் பக்கம் என்பதில் குழப்பமே இல்லை. பெவன் பதவி விலகினார். கட்டணம் வந்தது.

நீ உடனே ராம்சே மெக்டொனால்டை இழுப்பாய், தெரியும். பண்ணைக் கூலியாளின் மகன். 1931இல் பிரதமராக இருந்து வேலையில்லாதோர் உதவித்தொகையில் பத்து சதவீதம் வெட்டியவர். அவருடைய நிதியமைச்சர் ஸ்னோடன் நெசவாளியின் மகன். ஒப்புக்கொள்கிறேன், என் வாதத்தில் அது பெரிய ஓட்டைதான். ஆனால் அந்த வெட்டை எதிர்த்து அமைச்சரவையையே இரண்டாக்கியவர்களின் தலைவர் ஆர்தர் ஹெண்டர்சன், இரும்பு வார்ப்படத் தொழிலாளியாக இருந்தவர். அவரையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு பதில் எழுது.

அன்புடன்,
அண்ணன்