கிட்டங்கிக் கடை நிலைத்தது: கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி

செங்கோட்டை, புளியரை, பண்பொழி, தென்காசிப் பக்கத்திலிருந்தும், மலைக்கு அந்தப்புறம் ஆரியங்காவு, புனலூரிலிருந்தும் உதவிய பெரியோர், தாய்மார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் பூட்டனார் கட்டிய கிட்டங்கிக் கடையில் (கிட்டங்கி என்றால் சரக்கு வைக்கும் கிடங்கு) சாரல் தொடங்கும் முன்பே ஓடு மாற்றி, சுவர் பூசி, கதவு பொருத்தி முடித்துவிட்டோம். இடித்துவிட்டு மூன்று மாடி காம்ப்ளெக்ஸ் எழுப்பச் சொன்னவர்கள்தான் அதிகம். வேண்டாம் என்று எங்களோடு நின்று, வேலையிலும் இறங்கியவர்கள் யார் யார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கட்டடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கும் இளவட்டங்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1904-ல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வற்றல், பருப்பு, துணி எல்லாம் மேற்கே போனதும், மிளகு, சுக்கு, பாக்கு கிழக்கே வந்ததும் மாட்டு வண்டியில்தான். ரயில் வந்த சூட்டில் எழுந்த கட்டடம் இது என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. தெருப் பக்கம் மூன்று கடை அறைகள், பின்னால் நீளமான கிட்டங்கி, அதற்கும் பின்னால் வண்டி அவிழ்த்துப் போடும் முற்றம், மேலே வெளியூர் வியாபாரிகள் தங்க ஒரு மச்சு. ரயிலை நம்பிக் கட்டியவர்கள் வண்டி முற்றத்தையும் விட்டுவிடவில்லை. அந்த முன்யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்றைக்குச் செங்கோட்டை திருவிதாங்கூர் ராஜ்யம். சங்கு முத்திரை பதித்த வளைவு இன்னும் ஊர் வாசலில் நிற்கிறதே, அதுதான் சாட்சி. அதைத் தாண்டினால் பிரிட்டிஷ் சீமை. எல்லையில் கடை வைத்தவர்கள் இரண்டு நாணயத்திலும் கணக்கு எழுத வேண்டும். 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். மச்சில் கரையான் தொடாமல் கிடந்த பேரேடுகளில் ஒரே பக்கத்தில் இரண்டு ரூபாயும் ஓடுகின்றன. தேதியெல்லாம் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்கில், எண்கள் பழைய தமிழ் எண்களில், நடுநடுவே மலையாளம். இதையெல்லாம் பொறுமையாகப் படித்துச் சொன்னவர் புனலூரில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். சார், உங்களுக்கு முதல் நன்றி. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த அன்றும் கடை திறந்திருந்து பற்றும் வரவும் நடந்திருக்கிறது என்று நீங்கள் கொல்லம் ஆண்டு 1132 ஐப்பசிப் பக்கத்தைக் காட்டியபோது எங்கள் பெரியத்தை கண்கலங்கிவிட்டார்.

சரி, வேலைக்கு வருகிறேன். பெரிய ஆபத்து மேற்குச் சுவரில்தான் இருந்தது. ஆனி, ஆடியில் கணவாய்க் காற்றோடு வரும் சாரலை முதலில் வாங்குவது அதுதான். எப்போதோ அதன்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை வெளியேற விடாது. ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிர ஆரம்பித்தது. கடையநல்லூர்க் கொத்தனார் அண்ணாச்சி சுவரைத் தட்டிப் பார்த்ததுமே, "சுவருக்கு ஒண்ணும் இல்ல, சட்டைதான் மூச்சு முட்டுது" என்றார். சிமெண்ட்டை உளியால் கொத்தி எடுத்தார். கற்சுண்ணாம்பைக் குழியில் நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசினார். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கித்தான் மறுபடி கல்லாகும், அவசரப்படுத்தினால் வெடிக்கும் என்று சொல்லி, ஈரச் சாக்கு போட்டுக் காத்திருக்க வைத்தார். கிட்டங்கியின் உட்சுவரில் சுமை இறக்கியவர்கள் மூட்டை எண்ணிக் கிழித்த கரிக்கோடுகள் இருந்தன. அந்த இடத்தை மட்டும் பூசாமல் சுற்றிக் கரை கட்டி விட்டிருக்கிறார். நாங்கள் யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தது.

மச்சுக்கு மேலே உள்ள தளம் மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் போட்டு, அதன்மேல் மெல்லிய செங்கலைக் குத்துவாக்கில் மூலைவாட்டாக அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இறுக்குவது. ஒரு மூலை ஒழுகியது. அதைப் பெயர்த்து, மறுபடி ஜல்லி போட்டு, மரக்கட்டையால் அடித்து அடித்து இறுக்கியவர்கள் பண்பொழியிலிருந்து வந்த அக்காமார். வெயிலில் குந்தி உட்கார்ந்து, கட்டை எகிறும் வரை அடிக்க வேண்டும். கொத்தனார் பெயரை ஊர் சொல்லும், இவர்களை யாரும் சொல்வதில்லை. ஒழுகாத தளம் உங்கள் கை வேலை, அக்கா. தலை வணங்குகிறோம்.

அப்புறம் ஆசாரி அண்ணாச்சி. கடைக்கு முன்னால் உள்ள நிரைப் பலகைகளைக் கழற்றிவிட்டு ஷட்டர் போடச் சொல்லாதவர் இல்லை. அவரோ ஒவ்வொரு பலகையையும் திருப்பிப் பார்த்து, முதுகில் ௧, ௨, ௩ என்று வெட்டியிருந்த எண்ணைத் தேடி வரிசைப்படுத்தினார். மேலும் கீழும் உள்ள காடியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செருக வேண்டிய பலகைகள் இவை. ஒவ்வொன்றும் தன் இடத்துக்கென்று இழைத்தது, இடம் மாறினால் கடைசிப் பலகை நுழையாது. தெருத் தண்ணீர் தெறித்து அடியில் உளுத்தவற்றை முழுதாக மாற்றாமல், அடிப்பகுதியை மட்டும் அறுத்து, பழைய தேக்கிலேயே ஒட்டு வைத்துக் கொடுத்தார். கூலியில் பாதிதான் வாங்கினார். மீதியை வாங்க வைக்க இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம்.

ஓடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன் தாழ்வாரத்தில் இருப்பவை மங்களூர் ஓடுகள். 1865-ல் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ மிஷன்காரர்கள் மங்களூரில் ஆலை தொடங்கிய பிறகு மேற்குக் கடற்கரை முழுக்கப் பரவிய ஓடு. இங்கே வந்தவை கொல்லத்தில் கப்பலிலிருந்து இறங்கி ரயிலேறி வந்திருக்கும் என்பது என் கணிப்பு. உடைந்தவற்றுக்கு ஈடாக அதே அளவு ஓடு இப்போது கடையில் கிடைக்காது. ஆரியங்காவில் தங்கள் பழைய வீட்டைப் பிரித்த குடும்பம் ஒரு லாரி நிறைய அனுப்பியது. காசு பேசவே இல்லை. சேச்சி, உங்கள் வீட்டு ஓடுதான் இன்று எங்கள் வாசலுக்கு மேலே இருக்கிறது.

வேலை நடந்த நாளெல்லாம் சரக்கைத் தன் கடையில் அடுக்கிக்கொள்ள இடம் கொடுத்த எதிர்க்கடை பாய்க்கும், அளவெடுத்து வரைபடம் போட்டுத் தந்த கட்டடக்கலை மாணவர்களுக்கும், வாடகை ஏறாதா என்று பயந்தாலும் காலி செய்யாமல் கூடவே இருந்த மூன்று கடைக்காரர்களுக்கும் நன்றி. வாடகை ஏறவில்லை, ஏறவும் போவதில்லை.

மச்சின் மேற்கு ஜன்னல் மட்டும் பாக்கி. சாரல் ஓய்ந்ததும் ஆசாரி அண்ணாச்சி வருவார். பேரேடுகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வரலாம். மாணவர்கள் கட்டாயம் வாருங்கள். மிஞ்சிய ஓடுகளைப் பின் முற்றத்தில் அடுக்கி வைத்திருக்கிறோம். பழைய வீட்டைப் பழுது பார்க்கிறவர்கள் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம், விலை கிடையாது.

இப்படிக்கு,
கிட்டங்கி வீட்டார்,
செங்கோட்டை.